சிவப்பு வட்டத்துக்குள் அண்ணன் முகம்

படத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். தலைமுடியிலிருந்து கால்விரல்வரை வெள்ளைச் சேறு. பக்கத்தில் ராணுவச் சீருடை அணிந்த ஓர் அதிகாரி; அவர் கழுத்தில் காகிதப்பூ மாலை, நெற்றியில் குங்குமம். இருவருக்கும் பின்னால் பூமியிலிருந்து பீய்ச்சியடிக்கும் தண்ணீர், அதற்கும் பின்னால் ‘முருகன் துணை’ என்று எழுதிய ரிக் வண்டி. எங்கள் குடும்பத்தில் எல்லோருடைய கைப்பேசியிலும் இருந்த படம்தான். ஆனால் அன்று மதியம் அண்ணி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டியபோது அந்தப் படத்தில் ஒன்று கூடியிருந்தது. அண்ணனின் முகத்தைச் சுற்றி யாரோ சிவப்பாக ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். கீழே பிரெஞ்சு மொழியில் நாலைந்து வரிகள். “தம்பி, இது நம்ம படந்தானுங்க. ஆனா நம்ம ஆளுக போட்டதில்ல,” என்றார் அண்ணி. நான் வாங்கி அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அண்ணன் ரிக் வண்டியில் ட்ரில்லர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியை எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ரிக் என்றுதான் சொல்வோம்; அப்படித் தோண்டுவதைப் போர் போடுவது என்போம். ட்ரில்லர் என்றால் அந்த வண்டியின் தலைமைத் தொழிலாளி. நெம்புகோல்களைப் பிடித்துக்கொண்டு, பாறையின் சத்தத்தைக் கேட்டே எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்று முடிவு செய்பவர். எங்கள் ஊர் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய், பிறகு கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போயின. அண்ணன் இரண்டு தொழிலாளிகளுடன் அங்கே ஒரு நாட்டில் வேலை பார்த்தார். அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏன் எழுதவில்லை என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

ரிக் வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வந்ததும் தேங்காய் உடைத்து, இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நிலத்துக்காரரைப் பிடித்து இழுத்துவந்து பீய்ச்சும் தண்ணீருக்கு முன்னால் நிறுத்துவார்கள். அவருக்கு ஒரு மாலை போட்டு, ட்ரில்லர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார். ஆந்திராவிலும் ராஜஸ்தானிலும் அப்படி எடுத்த படங்கள் எங்கள் வீட்டில் ஏராளம். முன்பின் தெரியாத மனிதர்கள் மாலையும் கழுத்துமாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். ஆப்பிரிக்காவில் ராணுவ முகாமுக்குள் தண்ணீர் வந்தபோது நிலத்துக்காரர் என்று யாரைச் சொல்வது? முகாமின் மேஜரைப் பிடித்து நிறுத்தினார்கள். அவரும் குழந்தைபோல நனைந்துகொண்டு நின்றாராம். ‘ராணுவத்துக்கே தண்ணி குடுத்த நம்மூரு வண்டி’ என்று தலைப்புப் போட்டு, அண்ணனின் முதலாளி அதைத் தன் நிறுவனப் பக்கத்தில் வெளியிட்டார். நாங்களும் ஆளுக்கொரு இதயம் போட்டோம். அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் அந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது.

அதுவரைக்கும் உலக அரசியல் என்பது எனக்குக் கிரிக்கெட் மாதிரி. சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை, சூரமங்கலத்தில் ஜாகை. மாலையில் வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒரு டீக்கடை. ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் கூடும் இடம். அங்கே மூன்றாம் உலகப் போர் பலமுறை தொடங்கி, வடை தீர்ந்ததும் முடிந்திருக்கிறது. எந்த நாடு எந்த நாட்டை அடிக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு நிலம் போக வேண்டும் என்பதையெல்லாம் கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் தீர்மானிப்போம். எனக்கும் ஒரு கட்சி உண்டு, அதை விட்டுக்கொடுக்காமல் பேசுவேன். எதிர்க்கட்சி பேசுபவரை ‘விலைபோனவர்’ என்று கிண்டலடிப்போம். அவரும் சிரித்துக்கொண்டே டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போவார். வரைபடத்தில் நாங்கள் குண்டு போட்ட இடங்களில் எங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஆட்சி கவிழ்ந்த செய்தி வந்த அன்று நான் டீக்கடைக்குப் போகவில்லை. தொலைக்காட்சியில் அந்த நாட்டுக்குக் கிடைத்தது அரை நிமிடம். ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, வடக்கில் தீவிரவாதிகள் ராணுவத்தோடு சண்டை, இந்தியர்கள் பத்திரமாக இருக்கிறார்கள். அவ்வளவுதான். அந்த அரை நிமிடத்தைப் பார்க்க நான் ஒவ்வொரு அலைவரிசையாக மாற்றிக்கொண்டிருப்பேன். அண்ணனும் கூட இருந்த இருவரும் வடக்கில், அந்த ராணுவ முகாமுக்குள்தான் தங்கியிருந்தார்கள். இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்றது தூதரகம். முதலாளி முகாமுக்குள்ளேயே இருங்கள் என்றார். ரிக் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதில் எல்லோரும் கும்பிடும் கைகளாகப் போட்டு, ராணுவம் காப்பாற்றும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். துப்பாக்கி வைத்திருக்கிற நல்லவன் பக்கத்தில் அண்ணன் இருக்கிறார் என்று நினைத்தபோது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அண்ணியால் அப்படி விட முடியவில்லை. அவர் நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலையில் அலுவலக வேலை பார்த்தார். அதிகம் பேசமாட்டார், அரசியல் பேசி நான் கேட்டதே இல்லை. நாங்கள் பேசினால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் ஆலைக்குப் போகவர பேருந்தில் உட்கார்ந்துகொண்டு, அண்ணன் இருந்த சிற்றூரின் பெயரைக் கைப்பேசியில் அடித்துத் தேட ஆரம்பித்தார். அந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லாப் பக்கங்களையும் படித்தார். ராணுவத்தின் பக்கம், அதை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்களின் பக்கம், எல்லைக்கு அப்பால் இருக்கிற நாட்டின் செய்தி, பிழைக்கப் பாரிஸுக்குப் போய்விட்ட அந்த ஊர்க்காரர்கள் அழுது எழுதுவது, எல்லாம். கைப்பேசியே தமிழாக்கிக் கொடுக்கும். அது ஒரு கோணல்மாணலான தமிழ். அதை வைத்துக்கொண்டு அவர் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “ரெண்டு பேருமே பொய் சொல்றாங்க தம்பி. ஒருத்தர் ரோடு எங்க கையிலங்கறாங்க, இன்னொருத்தர் எங்க கையிலங்கறாங்க. ஆனா ரெண்டு பேரும் ஒரே ரோட்டப் பத்தித்தான் பொய் சொல்றாங்க. அப்ப அந்த ரோட்டுல என்னமோ நடக்குதுங்க.”

எதிராளியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். பெருந்தன்மை, நடுநிலை என்றெல்லாம் அதற்குப் பெயர் வைப்பார்கள். அண்ணிக்கு அந்தப் பெருந்தன்மை எல்லாம் இல்லை. சண்டை போடுகிறவர்களைப் பற்றி அவர் பேசினால் வசவுதான் வரும். அவரைப் படிக்க வைத்தது வெறும் பயம். கதவைத் தட்டப்போகிறவன் என்ன நினைத்துக்கொண்டு வருகிறான் என்று கதவுக்கு உள்ளே இருக்கிறவருக்குத் தெரிந்தாக வேண்டுமல்லவா? அவன் நல்லவனா கெட்டவனா என்பது அப்போது இரண்டாவது கேள்வி. அவன் கண்ணுக்கு என் வீட்டுக்காரர் யாராகத் தெரிகிறார், இதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்ததை அவர் வாட்ஸப் குழுவில் எழுதினார். முகாமுக்குள் இருக்கிற எல்லோரையும் அவர்கள் எதிரி என்றே சொல்கிறார்கள், நம் ஆட்கள் அங்கே இருப்பது ஆபத்து என்று. உடனே ஒருவர் கேட்டார், “அக்கா, நீங்க யாரு பக்கம்?” இன்னொருவர், தீவிரவாதிக்கு வக்காலத்து வாங்காதீர்கள் என்றார். சாயங்காலத்துக்குள் அண்ணியைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். “யாரு பக்கம்னா என்னங்க சொல்றது? என்ற ஊட்டுக்காரர் பக்கம்,” என்றார் அண்ணி. அதை என்னிடம் சொன்னார், குழுவில் சொல்ல அவருக்கு வழியில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் அந்தச் சிவப்பு வட்டம். விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன்; வீட்டில் அம்மா சோறு போட்டு வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணி வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் என்னை நிறுத்தி, அந்த வரிகளைத் தமிழாக்கிக் காட்டினார். கைப்பேசியின் தமிழை நான் சரிசெய்து எழுதினால் இப்படி வரும்: ‘எங்கள் கிணறுகளில் செத்த மாடுகளைப் போட்டவர்களுக்கு இவர்கள் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார்கள். மாலை போடுகிறார்கள். இந்தச் சிரிப்பை மறக்காதீர்கள்.’ நான் மறுபடியும் படத்தைப் பார்த்தேன். அதே சிரிப்பு. பாறையோடு நாள் முழுக்க மல்லுக்கட்டித் தண்ணீரைக் கண்ட தொழிலாளியின் சிரிப்பு என்றுதான் இதுவரை பார்த்திருந்தேன். தன் கிணற்றில் செத்த மாடு மிதப்பதைப் பார்த்த ஒருவன் அதை எப்படிப் பார்ப்பான் என்று ஒரு கணம் நினைத்ததும் படத்தை மூடிவிட்டேன். மேஜர் உண்மையிலேயே அப்படிச் செய்தாரா, இல்லை அதுவும் பொய்யா, எங்களுக்குத் தெரியாது. அவர்கள் அதை நம்புகிறார்கள், அது போதும். சாப்பிடாமல் நாங்கள் இருவரும் முதலாளி வீட்டுக்குப் போனோம்.

முதலாளி கெட்டவர் இல்லை. அந்த வட்டத்தைப் பார்த்ததும், தன் நிறுவனப் பக்கத்தில் இருந்த படத்தை எங்கள் கண் முன்னாலேயே அழித்தார். இனி அழித்து என்ன ஆகப்போகிறது என்று அவருக்கும் தெரியும். ஆனால் முகாமை விட்டு ஆட்களை வெளியே வரச்சொல்லுங்கள் என்று அண்ணி கேட்டபோது அவர் மறுத்தார். “ஏம்மா, சுத்தியும் மதிலு, துப்பாக்கி, காவலுக்கு ஆளுக. அத உட்டுப்போட்டு அவனுகள ரோட்டுல நிக்கச் சொல்றயா? வெளிய போனா எவனாச்சும் புடிச்சுக்கிட்டுப் போயிருவான். அப்பறம் நீயே வந்து என்னைய கேப்ப,” என்றார். அதிலும் நியாயம் இருந்தது. பிறகு கொஞ்சம் தயங்கி, “வண்டி இருக்குதேம்மா,” என்றார். எங்கள் பக்கத்தில் வண்டியை விட்டுவிட்டு வந்த ட்ரில்லர் என்று பெயர் எடுத்தால் அதற்குப் பிறகு யாரும் அவனை வண்டியில் ஏற்றமாட்டார்கள். அவர் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அண்ணனே அதைத்தான் சொல்லுவார் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

அப்படியேதான் சொன்னார். அன்று சாயங்காலம் பேசக் கிடைத்தார். அம்மாவும் கேட்கட்டும் என்று கைப்பேசியைச் சத்தமாக வைத்திருந்தோம். “இங்க ஒரு பயமுமில்ல. மேஜர் தெனமும் வந்து நம்ம டீயத்தான் குடிக்கறாரு. வண்டிய உட்டுட்டு நா எங்க போறது?” என்றார் அண்ணன். கூலிக்கு வேலை செய்கிறவன் மேல் யாருக்கு என்ன கோபம், தண்ணீர் கொடுத்தவனை யாராவது கொல்லுவானா என்றார். அம்மா அழ ஆரம்பித்தார். நான் ஏதோ உளறினேன். அண்ணி கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டார்: “மாமா, ராசிபுரத்துக்கிட்ட ஒரு காட்டுல போர் போட்டீங்களே, கடப்பாரையோட ஒருத்தர் ஓடியாந்தாரே, அத நெனப்பிருக்குதுங்களா?”

அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒருவர் தோட்டத்தில் அண்ணன் ஆழமாகத் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இவ்வளவு ஆழத்துக்குப் போனால் அவருடைய கிணறு வற்றிப்போகும். அண்ணன் அவரிடம், நான் கூலிக்கு வந்தவன், என்னிடம் ஏன் வருகிறீர்கள் என்றிருக்கிறார். அதற்கு அந்த மனிதர் சொன்னது, “உனக்குக் கூலி. எனக்குக் கெணறு.” கடப்பாரை வண்டியின் மேல் விழுந்து, அண்ணனின் காதோரம் தெறித்தது. வீட்டுக்கு வந்தும் அவர் பல நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார். முதலில் கோபமாகச் சொன்னார், போகப்போக அந்த மனிதருக்காக வருத்தப்பட்டுச் சொன்னார். அவருடைய கிணறு நிஜமாகவே வற்றிவிட்டது.

“அந்தாளுக்கு நீங்க தண்ணி குடுத்தவருங்களா? கெணத்தப் புடுங்குனவருங்களா?” என்று கேட்டார் அண்ணி. “இப்ப அந்த மதிலுக்கு வெளிய நிக்கறவனுக்கு நீங்க ஆருங்க? மேஜர் நல்லவராவே இருக்கட்டும். எனக்கு மேஜரப் பத்தித் தெரிய வேண்டாமுங்க. அவனாட்ட இருந்து ஒருக்கா உங்களப் பாருங்க மாமா.” பிறகு அந்த வட்டம் போட்ட படத்தை அனுப்பினார். எப்போதும் வாய் ஓயாத மனிதர், “சரி, போன வை,” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஒரு குரல்பதிவு வந்தது. மூன்று பேரும் டீசல் வாங்கப் போகிறோம் என்று சொல்லி முகாமை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். வண்டி உள்ளே இருக்கிறது. முன்பு ஒரு தொண்டு அமைப்புக்காகப் போர் போட்டுக் கைப்பம்பு மாட்டிக்கொடுத்த ஒரு கிராமத்துக்குப் போகிறார்கள். கடைசியில் அண்ணன் சொன்னது: “அந்தூர்க்காரங்க அக்கட்டப் பக்கத்து ஆளுகதான். வேற போறதுக்கு எடமில்ல.” ராணுவத்தை எதிர்க்கிறவர்களின் ஊருக்கே போகிறார் என்பது அதன் பொருள். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. முகாமை விட்டு வரச்சொன்ன அண்ணியும் இதை எதிர்பார்க்கவில்லை. கடைவீதி, மாதா கோயில் என்று ஏதாவது ஓரிடத்தை நினைத்திருந்தார். பதிவை இன்னொரு முறை போட்டுக் கேட்டார். “நாந்தானே அனுப்பிச்சேன், அத்தை,” என்று அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அவர் தலையில் கை வைத்திருந்தார். அந்தக் கை என்ன நினைத்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் சேலத்துக்குப் பேருந்து ஏறினேன்.

பயத்தோடு வேலைக்குப் போவது ஒரு கொடுமை. வேட்டியை விரித்துக் காட்டுவேன், கரை நன்றாக இருக்கிறது என்பேன், என் வாய் பேசுவது எனக்கே கேட்காது. அப்படி ஒரு மாலையில் டீக்கடையில் நின்றபோதுதான் தொலைக்காட்சியில் அந்த வண்டியைப் பார்த்தேன். எரிந்து கருத்துச் சாய்ந்து கிடந்தது. ‘முருகன்’ தெரிந்தது, ‘துணை’ கரிந்துபோயிருந்தது. இந்தியர்கள் தங்கியிருந்த ராணுவ முகாம் மீது தீவிரவாதிகள் தாக்குதல், பலர் பலி என்று எழுத்து ஓடியது. என் அண்ணன் அங்கே இருந்தார் என்பது கடையில் யாருக்கும் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை, சொன்னால் பலித்துவிடும் என்று ஒரு பயம். ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், நல்ல மனிதர், எனக்குப் பலமுறை டீ வாங்கிக் கொடுத்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அந்த ஏரியாவையே மொத்தமா குண்டு போட்டுத் துடைச்சிரணும். ஒரு வீடு மிஞ்சக் கூடாது.” இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். வேறொரு நாளில், வேறொரு ஊரைப் பற்றி, அதையே நானும் சொல்லியிருக்கிறேன். அந்த ஏரியாவில், மிஞ்சக் கூடாத ஒரு வீட்டில் என் அண்ணன் இருக்கிறார் என்பதுதான் அப்போது என்னிடம் இருந்த ஒரே நம்பிக்கை. நான் டீக்குக் காசை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து, முன்பின் தெரியாத ஓர் எண்ணிலிருந்து அண்ணிக்கு அழைப்பு வந்தது. “இருக்கறோம். மூணு பேரும் இருக்கறோம்,” என்றது அண்ணன் குரல். அவ்வளவுதான், தொடர்பு அறுந்துவிட்டது. அண்ணி ஆலையில் தீவன மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுததாக அவரோடு வேலை பார்த்த பெண் பிறகு சொன்னாள். அதற்கும் பல வாரங்கள் கழித்து, எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டின் வழியாக மூவரும் வந்துசேர்ந்தார்கள். அண்ணன் பாதியாக இளைத்திருந்தார். முதலாளி வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனார். வாட்ஸப் குழுவில் அண்ணியை மறுபடி சேர்த்தார்கள். அண்ணி அதில் இன்றுவரை ஒன்றும் எழுதியதில்லை.

அந்தக் கிராமத்தில் அவர்களை வைத்துக் காப்பாற்றியவர் ஒரு கம்பு விவசாயி. அவருடைய தம்பியே காட்டுக்குப் போய்த் துப்பாக்கி தூக்கியவன். அவர் ராணுவத்தையும் திட்டுவாராம், தம்பியையும் திட்டுவாராம். மூவரும் போய் நின்றபோது அவர் தன் கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். அதே வட்டம். “ஏன் சிரித்தாய்?” என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அண்ணனுக்குப் பிரெஞ்சில் தெரிந்தது வேலைக்குத் தேவையான ஐம்பது வார்த்தைதான். அதோடு கையையும் முகத்தையும் சேர்த்து, தண்ணீர் வந்தால் எங்கள் ஊரில் இப்படித்தான், யார் நிலமாக இருந்தாலும் மாலை போட்டுச் சிரிப்போம் என்று விளக்கியிருக்கிறார். தன் கைப்பேசியில் இருந்த மற்ற படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டியிருக்கிறார். ஆந்திராக்காரர், ராஜஸ்தான்காரர், எல்லோரும் மாலையோடு. அவற்றில் அந்தக் கிராமத்தில் பம்பு மாட்டிய நாளின் படமும் வந்தது. மாலையும் கழுத்துமாக அந்த விவசாயியே நின்றுகொண்டிருந்தார். அவர் அதை நெடுநேரம் பார்த்தாராம். பிறகு தானியக் குதிரின் கதவைத் திறந்துவிட்டாராம். தம்பியின் ஆட்கள் வந்து தேடிய பகல்களில் அவர் மனைவி அந்தக் குதிரின் முன்னால் உட்கார்ந்து கம்பு இடித்துக்கொண்டிருந்தாராம். அண்ணன் இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தாழ்த்தித்தான் சொல்லுவார், திருச்செங்கோட்டில் இருந்துகொண்டு. மேஜர் செத்துப்போனதைச் சொல்லும்போது அழுவார். “நல்ல மனுசன்டா. கெணத்துல மாட்டப் போட்டாரோ என்னமோ, எனக்குத் தெரியாது. எங்கிட்ட நல்லாத்தான் இருந்தாரு,” என்பார்.

இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். சென்ற மாதம் மறுபடியும் அந்த நாட்டுக்கு அரை நிமிடம் கிடைத்தது. ராணுவம் வடக்கை மீட்டுவிட்டது, தீவிரவாதிகளுக்கு இடம் கொடுத்த கிராமங்கள் துடைத்தெறியப்பட்டன என்றார்கள். வானத்திலிருந்து எடுத்த படம். கூரைகள் எரிந்துகொண்டிருந்தன, எந்த ஊர் என்று தெரியவில்லை. சொந்தக்காரர்கள் பலர் அண்ணனைக் கூப்பிட்டு, உன் வண்டியை எரித்தவர்களுக்குச் சரியான பாடம், இப்போது நிம்மதிதானே என்று கேட்டார்கள். அண்ணன், “ஆமாங்க, ஆமாங்க,” என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் கைப்பேசியை அணைத்துவிட்டார். நானும் அன்று அங்கே இருந்தேன். அண்ணி தன் கைப்பேசியை எடுத்து, அந்த விவசாயியின் எண்ணைத் தேடி எடுத்தார். அண்ணன் உயிரோடு இருப்பதை எங்களுக்குச் சொன்ன எண். நலமாக இருக்கிறீர்களா, உங்கள் வீட்டுச் சோற்றை மறக்கவில்லை என்று பிரெஞ்சில் சொல்ல ஒரு வாக்கியத்தைக் கைப்பேசியிலேயே போட்டுப் பார்த்து, வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டார். பிறகு கூப்பிட்டார்.

முதலில் வெறுமனே மணி அடித்தது. பிறகு ஓர் ஆண்குரல் எடுத்தது. அண்ணி பழகிய வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் அந்தக் குரல் ஏதோ கேட்டது. அண்ணன் சட்டென்று கையை ஆட்டினார். “அவரில்ல. இது அவரு குரலில்ல,” என்று உதட்டை மட்டும் அசைத்தார். அந்தக் குரல் மறுபடியும், இந்த முறை மெதுவாக, ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டது: “இந்தியா?” எண்ணைப் பார்த்திருக்கிறான். யார் அவன்? உறவுக்காரனா, அவர் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்ட சிப்பாயா, தம்பியின் ஆளா? ஆமாம் என்றால், அந்நியர்களை ஒளித்துவைத்த வீடு இது என்று தம்பியின் ஆட்களுக்குத் தெரிந்துவிடும். நன்றி என்றால், இந்த ஊர்க்காரருக்கு வெளியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ராணுவம் எண்ணும். எங்கள் நல்ல வார்த்தை எதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது என்னவாக மாறும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணி ஒரு வார்த்தையும் பேசாமல் துண்டித்துவிட்டுக் கைப்பேசியைக் கட்டிலின் மேல் வைத்தார். அதைத் தொடப் பயந்தவர்போலக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அண்ணன் கையை நீட்டிப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “அவரே கூப்புட்டா என்ன பண்றது?” என்றார். “அவரு கழுத்துல கத்தி வெச்சுக்கிட்டு வேறொருத்தன் கூப்புட்டா?” என்று அண்ணி கேட்டார். இரண்டுமே இருக்கலாம். அது அடித்து முடியும்வரை நாங்கள் யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்ததில்லை.